அழக்கூடாத குழந்தை

எங்கள் பழைய துறையில் புதிதாக ஒரு கருவி வாங்கியிருக்கிறார்களாம். மயக்கத்தில் இருக்கும் குழந்தையின் நெற்றியில் ஒரு சின்னப் பட்டையை ஒட்டிவிட்டால், மூளைக்குப் பிராணவாயு போதுமான அளவு போய்ச் சேர்கிறதா என்று திரையில் எண் ஓடும். அதன் படத்தை எனக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பியவள் ஷிவானி. நான் ஓய்வு பெறுவதற்கு முன் கடைசியாக என்னிடம் வேலை பழகிய டாக்டர். படத்தின் கீழே இந்தியில் ஒரு கேள்வியும் இருந்தது. இது இல்லாத காலத்தில், தூங்கவைத்த குழந்தையின் மூளைக்கு ரத்தம் சரியாகப் போகிறதா என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது மேடம்?

டெல்லி துவாரகாவில் எங்கள் அடுக்ககத்து பால்கனியில் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். மடிப்பதை நிறுத்திவிட்டு "தெரியாது" என்று ஒரே வார்த்தையில் பதில் அனுப்பினேன். கண்ணை அகல விரித்த மஞ்சள் முகம் ஒன்று பதிலாக வந்தது. அவளுடைய அதிர்ச்சி அந்த மஞ்சள் முகத்தோடு தீர்ந்துவிட்டது. என்னுடையது தீரவில்லை, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். தமிழில் எழுதினால் ஷிவானியால் படிக்க முடியாது. டெல்லியில் பிறந்த என் பிள்ளைகளும் படிக்கப்போவதில்லை. ஆனால் எனக்குக் கோபமும் பயமும் வருவது தமிழில்தான், வேறு வழியில்லை.

என் வேலை என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எம்.ஆர்.ஐ. படம் எடுக்கும்போது அசையாமல் படுங்கள் என்றால் பெரியவர்கள் படுத்துவிடுவார்கள். குழந்தைகள் படுக்கமாட்டார்கள். ஒரு குறுகலான குழாய்க்குள் தள்ளி, காதருகே யாரோ தகரத்தைத் தட்டுவது மாதிரி சத்தம் போட்டால் எந்தக் குழந்தைதான் சும்மா கிடக்கும்? அதனால் மருந்து கொடுத்துத் தூங்கவைக்க வேண்டும். தூங்கவைப்பதும், தூங்கும் நேரம் முழுவதும் காவல் இருப்பதும், பத்திரமாக எழுப்பி அம்மாவிடம் கொடுப்பதும் என் வேலை. டெல்லியில் ஒரு பெரிய அரசு மருத்துவமனையில், பணிக்காலத்தின் பெரும்பகுதியை அந்தக் குளிர்ந்த அறையில் கழித்தேன்.

அப்பா மத்திய அரசில் குமாஸ்தா, கும்பகோணத்துக்காரர். டெல்லி லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் வளர்ந்து, தமிழ்ப் பள்ளியில் படித்து, மருத்துவக் கல்லூரிக்குப் போய், மயக்கவியலில் மேல்படிப்பு முடித்தேன். "எல்லாரும் குணப்படுத்தற டாக்டர் ஆவா, நீ தூங்கப்பண்ற டாக்டரா?" என்று அப்பா கேலி செய்வார். இதற்குமேல் அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாரும் படித்த மாதிரிதான் நானும் படித்தேன்.

வேலையைக் கற்றுக்கொடுத்தவர் மேத்தா சார், எங்கள் துறைத்தலைவர். எம்.ஆர்.ஐ. அறை எப்போதும் சில்லென்று இருக்கும் என்பதால் மே மாத வெயிலிலும் அரைக்கை ஸ்வெட்டரோடுதான் வருவார். மற்றவர்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்ப்போம். அவர் உள்ளே போய்விடுவார். அந்த அறைக்குள் இரும்பு எதுவும் போகக்கூடாது, காந்தம் இழுத்துக்கொள்ளும். அதனால் ஓர் ஆணிகூட இல்லாத மரமுக்காலி ஒன்றைத் தச்சரிடம் சொல்லிச் செய்து வைத்திருந்தார். அதில் உட்கார்ந்து, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, குழாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குழந்தையின் பாதத்தைக் கையில் பிடித்தபடி படம் முடியும்வரை இருப்பார். கோபம் வந்தால் அவர் குரல் இறங்கும். அவர் கிசுகிசுத்தால் கையில் இருப்பதை வைத்துவிட்டு எழுந்து நிற்போம்.

நான் சேர்ந்த புதிதில் நான்கு வயதுப் பையன் ஒருவனைத் தூங்கவைத்துவிட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். திரையில் பிராணவாயு அளவு, நாடித்துடிப்பு எல்லாம் அழகாக ஓடின. சார் வந்தார். நன்றாகத் தூங்குகிறான் சார் என்றேன். அவர் திரையைப் பார்க்கவே இல்லை.

"பச்சா சோ ரஹா ஹை, யா சிர்ஃப் சுப் ஹை?" என்றார். குழந்தை தூங்குகிறதா, இல்லை வெறுமனே சத்தமில்லாமல் கிடக்கிறதா?

படத்தை நிறுத்தச் சொல்லிப் பலகையை வெளியே இழுத்தார். பையனின் மோவாய் மார்பில் போய் முட்டியிருந்தது. மூச்சை இழுக்க முயலும் ஒவ்வொரு முறையும் வயிறு மேலே எழும்பியது, நெஞ்சு உள்ளே குழிந்தது. தொண்டை பாதி அடைத்திருந்தது. மூக்கு வழியாக நாங்கள் பிராணவாயு கொடுத்துக்கொண்டிருந்ததால் திரையில் எண் மட்டும் கெடாமல் இருந்தது. சார் இரண்டு விரல்களால் தாடையை லேசாக உயர்த்தினார். பையன் நீளமாக ஒரு மூச்சு விட்டான்.

"எண் கடைசியில்தான் வந்து சொல்லும். அதற்குமுன் குழந்தையே சொல்லிவிடும்" என்று இந்தியில் கிசுகிசுத்தார். அன்றுமுதல் நானும் உள்ளே போய் உட்கார ஆரம்பித்தேன். சார் ஓய்வு பெற்றபோது முக்காலியை எனக்கு விட்டுவிட்டுப் போனார்.

அவர் சொல்லிக்கொடுத்ததில் இன்னொன்றும் உண்டு. சொல்லப்போனால் அவர் மட்டுமல்ல, உலகத்தில் எங்கள் தொழில் செய்கிற எல்லாரும் சொல்லிக்கொடுப்பதுதான். அழுகிற குழந்தையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அழுகிறது என்றால் தொண்டை திறந்திருக்கிறது, நுரையீரலுக்குக் காற்று போகிறது, உடம்பில் தெம்பு இருக்கிறது. பயப்பட வேண்டியது சத்தமில்லாத குழந்தையைப் பார்த்து. இதை நாங்கள் முழுசாக நம்பினோம். எங்கள் நடைமுறையும் அதற்கு ஏற்றபடியே இருந்தது. முதல் நாள் இரவு குழந்தையைத் தூங்கவிடாதீர்கள், காலையில் வெறும் வயிற்றோடு கொண்டுவாருங்கள் என்போம். வயிற்றில் ஏதாவது இருந்தால் மயக்கத்தில் வாந்தி வந்து மூச்சுக்குழாயில் போய்விடும் என்பதற்காகப் பட்டினி. தூக்கமில்லாத பசித்த குழந்தை வெளியே பெஞ்சில் அழுது அழுது களைத்துப்போகும். களைத்த குழந்தைக்குக் கொஞ்சம் மருந்து போதும். அன்றைக்குப் படம் எடுக்க வேண்டிய குழந்தைகளின் லிஸ்ட் மளமளவென்று ஓடும். எங்கள் வராந்தாவில் காலை முழுவதும் அழுகைதான். அது எங்கள் காதுக்கு நல்ல சகுனமாகப் பழகிப்போயிருந்தது.

மூளையின் ரத்த ஓட்டத்தைப் பற்றி நாங்கள் படித்திருந்தோம், பார்த்ததில்லை. மூச்சில் வெளியேறுகிற கரிவாயு உடம்பில் கூடினால் மூளையின் ரத்தக்குழாய்கள் விரியும், குறைந்தால் சுருங்கும். பரீட்சைக்கு எழுதி மதிப்பெண் வாங்கிய விஷயம். அதைக் கண்ணால் காட்டியது ராகவ்.

ராகவ் எங்கள் மருத்துவமனையில் படங்களைப் படித்துச் சொல்லும் கதிரியக்க டாக்டர். குடும்பம் மன்னார்குடிப் பக்கம், பிறந்து வளர்ந்தது எல்லாம் டெல்லி. தமிழை மூன்று மொழிகளில் பேசுவான். புதிதாக வந்த எம்.ஆர்.ஐ. கருவியில் ஒரு வசதி இருந்தது. ஊசியில் சாயம் எதுவும் ஏற்றாமலேயே மூளையின் எந்தப் பகுதிக்கு எவ்வளவு ரத்தம் போகிறது என்று வண்ணத்தில் காட்டும். நிறைய ரத்தம் போனால் சிவப்பு, குறைந்தால் நீலம். ஒருநாள் அறைக்குக் கூப்பிட்டு இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான்.

"மேடம்ஜி, சேம் பச்சா. போன தடவை பூரா நீலம், இந்தத் தடவை பாருங்கோ, பூரா லால். வியாதி மாறிடுத்துன்னு ரிப்போர்ட் எழுதப் போனேன். அப்பறம் டவுட் வந்தது. நீங்க ரெண்டு தடவையும் என்ன குடுத்தேள்?"

போன முறை நரம்பில் ஏற்றும் பால் நிற மருந்து. இந்த முறை முகமூடி வழியாக வாயு மருந்து. முதலாவது மூளையின் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும், இரண்டாவது கூட்டும். இதுவும் படித்ததுதான். ஆனால் அந்த இரண்டு படங்களைப் பார்த்தபோது நாற்காலியைத் திரைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். இத்தனை வருடங்களாகத் தூங்கட்டும் என்று நான் தள்ளிய ஒவ்வொரு சொட்டும், அந்தச் சின்ன மண்டைகளுக்குள் போய் ஒரு குழாயைத் திறந்திருக்கிறது அல்லது மூடியிருக்கிறது. வெளியே தெரிந்தது ஒரே மாதிரியான தூக்கம்.

"நீ குழந்தையோட மூளையை மட்டும் படம் எடுக்கலைடா, என் மருந்தையும் சேர்த்து எடுத்திருக்கே" என்றேன்.

"அச்சா, அப்போ ரிப்போர்ட்ல உங்க பேரும் போடட்டுமா?" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆரோக்கியமான மூளை இந்த மாதிரி ஏற்ற இறக்கத்தைத் தாங்கிக்கொள்ளும். அதற்கு இடம் இருக்கிறது. இடமே இல்லாத ஒரு மூளை என் கைக்கு வந்தது நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்னால். அவள் பெயர் யாழினி. ஆறு வயது.

அன்றைக்கு லிஸ்ட் நீளம். நடுவில் அவசரம் என்று இரண்டு குழந்தைகளை நுழைத்ததில் காலையில் முடிய வேண்டிய யாழினி மதியத்துக்குத் தள்ளப்பட்டுவிட்டாள். அவளைப் பற்றி எங்களுக்கு வந்த தகவல், வலிப்பாக இருக்கலாம், மூளையைப் படம் எடுத்துப் பாருங்கள் என்பது மட்டும்தான். நான் வராந்தாவுக்கு வந்தபோது ஷிவானி அவளுக்கு ஊசி ஏற்றத் தயாராகிக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பெஞ்சில் யாரோ பிஸ்கெட் பொட்டலத்தைப் பிரித்திருக்கிறார்கள். அதைப் பார்த்ததிலிருந்து யாழினி வீறிட்டு அழுதுகொண்டிருந்தாள். உதடு வறண்டு வெடித்திருந்தது.

"ரோனே தோ, தக் கே சோ ஜாயேகி" என்றார் வார்டு ஊழியர். அழட்டும், களைத்துத் தூங்கிவிடுவாள். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை, அது எங்கள் எல்லாருடைய வாக்கியம்.

நான் பார்த்தது அவள் கையை. கண்ணீரையும் மூக்கையும் வலது கையால் மட்டும் துடைத்துக்கொண்டிருந்தாள். இடது கை மடியில், வேறு யாருடையதோ மாதிரி கிடந்தது. வாயின் இடது ஓரம் லேசாகத் தொங்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா அந்தக் கையைத் தூக்கிப் பார்த்தாள். அது பொத்தென்று விழுந்தது. முதுகில் பட்டென்று ஒரு அடி வைத்தாள்.

"இங்கியும் வந்து நடிக்கிறியா? கையத் தூக்குடி."

தமிழ். நான் அவள் முன்னால் போய்க் குனிந்தேன். "என்னம்மா நடிப்பு? அடிக்கடி இப்படிப் பண்ணுவாளா?"

ஒரு டாக்டர் தமிழில் பேசியதில் அவள் முகம் கொஞ்சம் தளர்ந்தது. பெயர் தேவி. விழுப்புரம் பக்கம். ஜங்புராவில் மதராசி கேம்ப் என்ற தமிழர் குடிசைப் பகுதி இடிபடும்வரை அங்கே இருந்தவர்கள், இப்போது நகரத்தின் ஓரத்தில் நரேலா.

"அழுவும்போதெல்லாம் இதே கூத்துதான் டாக்டரம்மா. கை வராத மாதிரி வச்சிக்கும். வாயக் கோணிக்கிட்டுக் குழறிக் குழறிப் பேசும். அழுவைய நிறுத்தினா செத்த நேரத்துல தானா சரியாப்பூடும். கேட்டது கெடைக்கணும்னா இப்பிடி ஒரு நடிப்பு. எங்க தெருவே சிரிக்கிது. வலிப்பா இருக்கும்னு இஸ்கூல்ல சொல்லித்தான் இங்க வந்தோம்."

"அழும்போதெல்லாமா?"

"ஆமா. சுடச்சுட மேகி குடுத்து ஊதித் துன்னச் சொன்னாக்கூட ஒருவாட்டி இப்பிடிப் பண்ணுச்சி."

அழுகை, ஊதுவது, இரண்டிலும் குழந்தை வேகவேகமாகக் காற்றை வெளியேற்றுகிறது. கரிவாயு குறைகிறது. மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. சாதாரணக் குழந்தைக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் அபூர்வமான ஒரு நோயில் மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய்கள் ஏற்கெனவே நூலாகச் சுருங்கியிருக்கும். அப்படிப்பட்ட குழந்தை அழுதால் ஒரு பக்கத்து மூளைக்கு ரத்தம் நின்றுபோகும். கொஞ்ச நேரம் நின்றால் கை விழும், பிறகு வரும். அதிக நேரம் நின்றால் வராது. அந்த நோயை நான் புத்தகத்தில் பார்த்திருக்கிறேன், மாநாட்டில் கேட்டிருக்கிறேன். இப்போது அப்படி ஒரு குழந்தையை எங்கள் பெஞ்சில் நாங்கள் பட்டினி போட்டு, தூங்கவிடாமல் வைத்து, தண்ணீரில்லாமல் ரத்தத்தைக் கெட்டியாக்கி, காலையிலிருந்து அழவிட்டுக்கொண்டிருந்தோம். இந்த நோய் உள்ள குழந்தைக்குக் கெடுதல் செய்ய யாராவது திட்டம் போட்டிருந்தால் இதைவிட நன்றாகப் போட்டிருக்க முடியாது.

"ஊசியை வை" என்றேன் ஷிவானியிடம். என் குரல் கிசுகிசுப்பாக வந்தது.

தரையில் உட்கார்ந்து, ஒரு கப்பில் குளுக்கோஸ் கலந்த தண்ணீரை யாழினிக்கு நீட்டினேன். அவள் வலது கை வருவதற்குள் தேவி கப்பைப் பறித்துவிட்டாள்.

"குடுக்காதீங்க டாக்டரம்மா. தண்ணி குடிச்சா இன்னிக்கி கெடையாது, திருப்பி அனுப்பிடுவோம்னு அந்த வார்டு பையா சொன்னாரு. ராத்திரிலேருந்து ஒரு சொட்டு குடுக்கல. பஸ்ஸுல அழுதுச்சி, அப்பவும் குடுக்கல. விடியறதுக்கு முன்ன கெளம்பி வந்தோம்."

அவ்வளவு ஒழுங்காகச் சொன்னதைச் செய்திருந்தாள். வெறும் தண்ணீர் வயிற்றில் அதிக நேரம் தங்காது, முன்னதாகக் கொஞ்சம் கொடுக்கலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் அதையெல்லாம் விளக்க நேரமில்லாமல், எதுவுமே கூடாது என்று எல்லாரிடமும் சொல்லிவிடுவது எங்கள் வழக்கம். விதியை மீறுகிறவர்களின் பிள்ளைகள் எங்களிடம் வாடியதில்லை. கடைப்பிடித்தவளின் பிள்ளைதான் வாடியிருந்தது.

"இன்னிக்கே படம் எடுத்துத் தரேன். நான் பொறுப்பு. இப்ப அவ அழக்கூடாது தேவி, அவ்வளவுதான். அழக்கூடாது. என்ன கேட்டாலும் சரின்னு சொல்லு."

தேவிக்கு நான் சொன்னது புரியவில்லை என்று நினைக்கிறேன். என் முகம் புரிந்திருக்கும். கப்பைத் திருப்பிக் கொடுத்தாள். யாழினி குடித்தாள், விக்கினாள், மறுபடி குடித்தாள். நான் என் கைபேசியில் நாய்க்குட்டி வீடியோ ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். அழுகை விம்மலாகி, விம்மல் நின்றது. வராந்தாவில் நாங்கள் மூன்று பேர் ஒரு சின்னக் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் சுண்டுவிரல் அசைந்தது. பிறகு கை மெதுவாக எழுந்து கப்பின் அடுத்த பக்கத்தைப் பிடித்துக்கொண்டது.

"பாத்தீங்களா, நடிப்பு" என்றாள் தேவி. குரலில் முன்பிருந்த உறுதி இல்லை.

குடித்த தண்ணீர் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். இன்றைக்கு முடியாது, கல் ஆனா, நாளைக்கு வா, என்று சொல்லியனுப்பலாம் என்றார் கருவியை இயக்குபவர். ராகவிடம் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவன் சிரிப்பெல்லாம் போய்விட்டது. "நான் வெயிட் பண்றேன் மேடம். நீங்க ஜல்தி பண்ணவேண்டாம்" என்றான்.

அதன் பிறகு நாங்கள் செய்ததெல்லாம் மிகச் சாதாரணமான காரியங்கள். அவ்வளவு பயத்தோடு அவற்றை நான் செய்ததே இல்லை. யாழினியின் புறங்கையில் மரத்துப்போகும் களிம்பைத் தடவி ஒட்டினோம். அது வேலை செய்யும்வரை வீடியோ. அவள் அமைதியாக இருந்தபோது ரத்த அழுத்தத்தை எடுத்துக்கொண்டேன். மயக்கத்திலும் அதற்குக் கீழே போகவிடக் கூடாது. அம்மா மடியில் இருந்தபடியே ஊசி ஏறியது, அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நரம்பில் தண்ணீர் ஏற்றி உடம்பை நனைத்தோம். பிறகுதான் தூக்க மருந்து, சொட்டுச் சொட்டாக.

இந்த நோயில் இரண்டு பக்கமும் பள்ளம். மூச்சு அதிகமானால் ரத்தக்குழாய் சுருங்கும் என்றேன். மூச்சு குறைந்து கரிவாயு கூடினால் நல்ல பக்கத்துக் குழாய்கள் விரிந்து இருக்கிற ரத்தத்தை எல்லாம் இழுத்துக்கொள்ளும். கெட்ட பக்கத்துக்குப் போகாது. லக்ஷ்மிபாய் நகரில் கீழ்வீட்டுக்காரர்கள் எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டால் மேல்மாடியில் எங்கள் வாளி காலியாக நிற்குமே, அப்படி. அதனால் அவள் மூக்கருகே ஒரு மெல்லிய குழாயை வைத்து, வெளிவிடும் மூச்சில் கரிவாயு எவ்வளவு என்று பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்லி ஷிவானியைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்தேன். நான் உள்ளே முக்காலியில் உட்கார்ந்து யாழினியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. கொலுசு போட்டுப் போட்டுக் கணுக்காலில் ஒரு வளையம் கறுத்திருந்தது. காந்தத்துக்காகக் கொலுசைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்திருந்தோம்.

ரத்தக்குழாய்களின் படம் எடுத்து முடிந்து, ரத்த ஓட்டத்தின் வண்ணப் படமும் எடுத்த பிறகு சத்தம் நின்றது. ராகவின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது.

"மேடம், உங்க மானிட்டர்ல எல்லாம் எப்படி வர்றது?"

"எல்லாம் சரியா வர்றது. பிராணவாயு நூறு. பிரஷர் சரி. மூச்சு சரி. ஏன்?"

"இங்க வலது பக்கம் பூரா நீலம் மேடம். சில இடத்துல நீலம்கூட இல்லை. காலா, கறுப்பு."

எழுந்து போய்க் கண்ணாடி வழியாக அவன் திரையைப் பார்த்தேன். இடது பக்கத்து மூளை மஞ்சளும் சிவப்புமாக இருந்தது. வலது பக்கம் விளக்கணைத்த வீடு. மூளையின் அடிவாரத்தில் பெரிய ரத்தக்குழாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நூல்தான் தெரிந்தது. அதைச் சுற்றி உடம்பு தன் போக்கில் வளர்த்துக்கொண்ட பொடிப் பொடிக் குழாய்கள் புகை மாதிரி படர்ந்திருந்தன. வலது பக்கத்தில் இரண்டு சிறிய தழும்புகளும் இருந்தன. எப்போதோ ரத்தம் நின்று, திரும்பி வராமலே போன இடங்கள். யாருக்கும் தெரியாமல் இந்தக் குழந்தைக்கு ஏற்கெனவே இரண்டு முறை பக்கவாதம் வந்து போயிருக்கிறது.

பக்கத்தில் என் திரை. அதில் ஓடியவை அத்தனையும் புத்தகத்தில் அச்சடிக்கலாம் என்கிற அளவுக்கு நல்ல எண்கள். இந்த இரண்டு திரைகளுக்கும் நடுவில் நின்றபோது எனக்கு வந்ததை அதிர்ச்சி என்று மட்டும் சொல்வது போதாது. அவமானமும் இல்லை, துக்கமும் இல்லை. எத்தனை ஆயிரம் குழந்தைகளை இந்த எண்களை நம்பித் தூங்கவைத்திருக்கிறேன் என்ற நினைப்பு வந்து, அந்த முக்காலிக்கே திரும்பிப் போய் உட்கார்ந்தேன்.

எழுப்புவது பாக்கி இருந்தது. மயக்கத்திலிருந்து எழுகிற குழந்தைகள் அழும். பத்தில் ஒன்பது அழும், அது எங்களுக்குச் சந்தோஷம். இவள் அழக்கூடாது. எழுப்பும் அறையில் விளக்கைக் குறைத்தோம், எல்லாரையும் வெளியே அனுப்பினோம். கண் திறந்ததும் அம்மா முகம்தான் தெரிய வேண்டும் என்று தேவியைக் குனிந்து நிற்கச் சொன்னேன். யாழினியின் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கியிருக்கிறது, அழுதால் ரத்தம் நின்றுவிடும், அதனால்தான் கை விழுகிறது என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லியிருந்தேன். கழற்றிய கொலுசைத் தேவி கைக்குள் இறுக்கி வைத்திருந்தாள்.

யாழினி கண்ணைத் திறந்தாள். இடம் புரியவில்லை. கீழுதடு பிதுங்க ஆரம்பித்தது.

"யாழி, எந்திரிச்சிட்டியா? வெளிய சோலே பட்டூரா விக்கிறான்" என்றாள் தேவி, சமையலறையிலிருந்து பேசுகிற மாதிரி. "ஒனக்கு ஒண்ணா ரெண்டா?"

உதடு அப்படியே நின்றது. யாழினி யோசித்தாள். நான் இடது கையைப் பார்த்தேன், ஷிவானியும் அதைத்தான் பார்த்தாள்.

"ரெண்டு" என்று கரகரத்த குரலில் சொல்லி, இடது கையில் இரண்டு விரலை நீட்டினாள்.

ஷிவானி சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த சில வாரங்களில் மூளை அறுவை சிகிச்சை நடந்தது. தலையின் மேற்பரப்பில் ஓடும் ரத்தக்குழாய் ஒன்றை உள்ளே திருப்பிவிட்டு, பட்டினி கிடக்கும் பக்கத்துக்கு ரத்தம் கொடுப்பார்கள். அந்த மயக்கத்துக்கும் நானே நின்றேன். அதுதான் நான் பணியில் நின்ற கடைசிப் பெரிய அறுவை. நன்றாக முடிந்தது. யாழினி இப்போது நரேலாவில் பள்ளிக்குப் போகிறாள். இடது கையால் பலூன் பிடித்துக்கொண்டு நிற்கும் படம் ஒன்று என் கைபேசியில் இருக்கிறது. பட்டினி பற்றிய விதியையும் எங்கள் துறையில் மாற்றினோம். இப்போது வராந்தாவில் தண்ணீர் கொடுக்கிறார்கள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் வார்டுக்குப் போயிருந்தேன். யாழினி தலையில் கட்டோடு பக்கத்துக் கட்டில் குழந்தையிடம் இந்தியில் வம்பளந்துகொண்டிருந்தாள். தேவி என்னை வராந்தா பக்கம் தனியாகக் கூப்பிட்டாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்து, அதற்கான பதிலை மனத்தில் தயாராக வைத்துக்கொண்டேன்.

"டாக்டரம்மா, அழுதா ரத்தம் நின்னுபோவும்னு சொன்னீங்கல்ல."

"ஆமா. இனிமே மெதுவா சரியாகும். கொஞ்ச மாசம் ஜாக்கிரதையா இருக்கணும்."

"அது இல்ல. மூளையில ரெண்டு எடத்துல தழும்புன்னு அந்த டாக்டரு சொன்னாரு. கை வரலன்னு அழுவும்போது நடிக்காதன்னு அடிப்பேன். அடிச்சா இன்னும் அழும். அப்ப அந்தத் தழும்பு?"

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இந்த மாதிரி நேரத்தில் எந்த டாக்டரும் சொல்வதைத்தான் சொன்னேன். "உனக்கு எப்படித் தெரியும் தேவி? ஆஸ்பத்திரியில எங்களுக்கே தெரியல. யாருக்குமே தெரியாது."

அவள் என்னைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை.

"எனக்குத் தெரியாதுதான் டாக்டரம்மா. அதுக்குத் தெரிஞ்சிருக்கே. அம்மா நெசமாவே வரலம்மான்னு ஒவ்வொரு வாட்டியும் சொல்லுச்சி. அப்பிடிச் சொன்னதுக்குத்தான் ரெண்டாவது அடி."